வேங்கட நாட்டின் வாக்குப்பெட்டி வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்தம் மெய்க்கீர்த்திகளிலும் கோயிற் கல்வெட்டுகளிலும் காண்பது அறிஞர் மரபு. மக்களாட்சி மலர்ந்த பின்னர், அவற்றோடு வைத்து எண்ணத்தக்க மற்றொரு வரலாற்று ஆவணமும் தோன்றியுள்ளது. அதுவே வாக்காளர் பட்டியல். மன்னன் பெயரும் தளபதி பெயரும் மட்டுமே பொறிக்கப்பெற்ற காலம் போய், நெசவாளியும் உழவனும் கூலிப்பெண்ணும் தத்தம் பெயரோடும் தந்தை அல்லது கணவன் பெயரோடும் இடம்பெறும் ஏடு அது. ஒரு தொகுதியின் பட்டியல்களை ஆண்டு வரிசைப்படி அடுக்கி வைத்து நோக்கினால், அந்நிலத்து மக்கள் யாவர், எம்மொழியினர், எந்த ஆட்சிக்கு உட்பட்டிருந்தனர் என்னும் செய்திகள் அனைத்தும் புலனாகும்.

இவ்வாறு நோக்குதற்குத் திருப்பதி, சித்தூர் ஆகிய இரு நாடாளுமன்றத் தொகுதிகளைக் காட்டிலும் தக்க சான்று தமிழர்க்குக் கிடைப்பதரிது. வேலையின் பொருட்டும் வாழ்வின் பொருட்டும் பிறந்த மண்ணைவிட்டுப் பெயர்ந்து வந்து, பிறமொழி வழங்கும் நகரங்களில் சங்கம் அமைத்து வாழ்பவர் நாம். வேங்கடத்தின் அடிவாரத்துத் தமிழரோ இருந்த இடத்தைவிட்டு அசையாதவர். ஆயினும் அவர்களும் நம்மைப் போன்றே மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். மக்கள் நகராதிருக்க, எல்லை நகர்ந்தமையே அதற்குக் காரணம். அந்த எல்லை நாட்டில் வாக்குரிமை வளர்ந்த வரலாறு நமக்கும் சில உண்மைகளை உணர்த்துவதாகும்.

கல்லும் செப்பும்

தமிழ்கூறும் நல்லுலகத்தின் வட எல்லையாக வேங்கடத்தைத் தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் குறிப்பிடுகின்றது. சங்கப் புலவர் மாமூலனார் அம்மலைக்குரியவனான புல்லி என்னும் தலைவனைப் பாடியுள்ளார். ஆழ்வார்கள் அம்மலையிலுறையும் இறைவனைப் பாடிப் பரவினர். பல்லவ குலத்துச் சாமவை என்னும் அரசமாதேவி பத்தாம் நூற்றாண்டில் வெள்ளித் திருமேனி ஒன்றைத் திருமலைக் கோயிலுக்கு அளித்த செய்தி கல்வெட்டில் உள்ளது. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பாலான தமிழிலேயே பொறிக்கப்பெற்றவை.

இதனால் அம்மலை தமிழர்க்கே உரியது என்று வழக்காடப் புகுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பதினைந்தாம் நூற்றாண்டில் அன்னமாச்சாரியார் அம்மலையப்பன் மீது தெலுங்கில் ஆயிரக்கணக்கான கீர்த்தனங்களை இயற்றினார். அவை செப்பேடுகளில் பொறிக்கப்பெற்று அக்கோயிலிலேயே காக்கப்பட்டு வந்தன. கல்லில் தமிழும் செப்பில் தெலுங்குமாக இருமொழியும் ஒரே மலைமேல் வாழ்ந்தன. மார்கழித் திங்களில் விடியற்காலைச் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்பெறும் வழக்கம் அங்கு இன்றும் உள்ளது. மலையடிவாரத்துச் சந்தைகளிலும் ஒருவர் ஒரு மொழியில் வினவ மற்றவர் மற்றொரு மொழியில் விடையிறுப்பது இயல்பு. எல்லைக்கோடு என்பது அங்கு நெடுங்காலம் ஒரு கோடாக இருக்கவில்லை. பல காதம் அகன்ற ஒரு கலப்பு நிலமாகவே இருந்தது. நவீன ஆட்சிமுறைக்கோ கோடு வேண்டும். தேர்தலுக்கு அக்கோடு இன்னும் திட்டமாக வேண்டும். ஒருவன் எந்த ஊரில் எந்தச் சாவடியில் வாக்களிப்பான் என்பதை ஐயத்திற்கு இடமின்றி வரையறுத்தாக வேண்டும் அன்றோ?

முகவரி மாறிய ஊர்கள்

சித்தூர், 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராயிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளன்று, வடஆர்க்காட்டின் வடபகுதிகளையும் கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு முதலிய பகுதிகளையும் இணைத்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெற்றது. வடஆர்க்காட்டின் தலைநகரம் வேலூருக்கு மாறியது. தமிழ் மிக்க தென்கிழக்கும் தெலுங்கு மிக்க வடமேற்கும் அவ்வாறு ஒரே மாவட்டத்துள் அடங்கின. அன்று அனைத்தும் சென்னை மாகாணத்துள் இருந்தமையால் இதனை ஒரு நிருவாக ஏற்பாடாகவே மக்கள் கொண்டனர். அம்மாவட்ட எல்லையே நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு மாநிலத்தின் எல்லையாக மாறும் என்று அந்நாளில் எண்ணியவர் சிலரே.

பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பர் 15-இல் உயிர்நீத்தார். அதனைத் தொடர்ந்து ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்னும் அறிவிப்பு வந்தது. 1953 அக்டோபர் முதல் நாளன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டம் முழுமையும் அதனுள் சேர்க்கப்பெற்றது. மாவட்டம் என்னும் அலகை அப்படியே எடுத்துக்கொண்டதன் விளைவாகத் திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர் முதலிய பகுதிகளின் தமிழ் மக்கள் ஒரே நாளில் வேற்று மாநிலத்தவர் ஆயினர்.

இதனை எதிர்த்து எழுந்ததே வடக்கெல்லைப் போராட்டம். தமிழாசிரியர் மங்கலங்கிழார் ஊர்தோறும் தமிழ் கற்பித்து விதைத்த உணர்ச்சி அதற்கு அடித்தளமாயிற்று. தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சிவஞானம் அதனைத் தலைமையேற்று நடத்தினார். திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் அதற்குத் தோள் கொடுத்தார். பின்னர் எச்.வி. படாஸ்கர் இரு மாநிலங்களுக்கும் இடையே நடுவராக அமர்ந்தார். ஊரையே அலகாகக் கொள்ளுதல், அவ்வூரில் பெரும்பான்மையோர் பேசும் மொழியை நோக்குதல், நிலம் தொடர்ந்து இணைந்திருத்தலை நோக்குதல் ஆகிய நெறிகளை அவர் வகுத்தார். அவர் தீர்ப்பின்படி நாடாளுமன்றம் 1959-இல் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு வட்டாரத்து ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன.

இதனை வாக்காளர் நிலையில் வைத்துப் பார்த்தல் வேண்டும். திருத்தணியில் வாழ்ந்த ஒருவர் 1952-இல் சென்னைச் சட்டமன்றத்திற்கும், 1955-இல் ஆந்திரச் சட்டமன்றத்திற்கும், 1962-இல் மீண்டும் சென்னைச் சட்டமன்றத்திற்கும் வாக்களித்தார். அவர் வீடும் மாறவில்லை, வீதியும் மாறவில்லை. சத்தியவேட்டு வட்டாரத்தவரோ 1957-இல் செங்கற்பட்டு மாவட்டத்து வாக்காளராக நின்று, 1962-இல் ஆந்திரப் பிரதேச வாக்காளராக நின்றனர். நகரி, விஜயபுரம், புத்தூர், சித்தூர் ஆகியவை ஆந்திரத்திலேயே தங்கிவிட்டன. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய விஜயபுரத்தில் 1910-இல் பிறந்து நெடுநாள் வாழ்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். வடஆர்க்காட்டு மாவட்டத்தில் பிறந்து, சித்தூர் மாவட்டத்தில் வளர்ந்து, சென்னை மாகாணம், சென்னை மாநிலம், ஆந்திர மாநிலம், ஆந்திரப் பிரதேசம் என நான்கு பெயர்களுக்குக் குடிமகனாகி, ஒரே கிணற்றில் நீர் மொண்டு வாழ்ந்திருப்பார் அவர்.

முதல் தேர்தலும் முதல் உறுப்பினரும்

இந்நிலத்தின் நாடாளுமன்ற வரலாறு விடுதலைக்கு முன்பே தொடங்குகின்றது. தில்லி மத்தியச் சட்டமன்றத்தில், இராயலசீமை மாவட்டங்களையும் சித்தூரையும் ஒன்றாக இணைத்த ஒரே தொகுதி அக்காலத்தில் இருந்தது. வரி செலுத்துவோரும் சொத்துடையோருமே அதில் வாக்காளர். 1934-இல் அம்மன்றத்திற்குக் காங்கிரசின் சார்பில் சென்றவர் மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார். 1891-இல் திருச்சானூரில் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்று, சித்தூரில் வழக்கறிஞராயிருந்தவர் அவர். தனிநபர் சத்தியாக்கிரகத்திலும் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்திலும் சிறை சென்றவர்.

வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்னும் நெறியில் நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலில், 1952-இல், திருப்பதித் தொகுதி அவரையே மக்களவைக்கு அனுப்பியது. அப்போது இத்தொகுதி சென்னை மாநிலத்தைச் சார்ந்தது. சென்னை மாநிலத்திற்கு மக்களவையில் 75 இடங்கள் இருந்தன. எழுத்தறிவில்லாதார் பலராயிருந்தமையால் அத்தேர்தலில் வாக்குச்சீட்டில் குறியிடும் முறை இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பெட்டி. பெட்டியின்மேல் அவரது சின்னம். வாக்காளர் மறைவிடத்திற்குச் சென்று தாம் விரும்பிய சின்னமுடைய பெட்டியில் சீட்டை இட்டு வருவர். காங்கிரசின் சின்னம் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளைகள். சின்னத்திற்கு மொழியில்லை. தெலுங்கு மட்டும் அறிந்தவரும் தமிழ் மட்டும் அறிந்தவரும் எவ்வெழுத்தும் அறியாதவரும் அப்பெட்டிகளின்முன் சமமாக நின்றனர். இருமொழி நிலத்திற்கு இம்முறை எத்துணைப் பொருத்தம் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரு அவைகளுக்கும் தலைமை

அய்யங்கார் 1952-இல் மக்களவையின் துணைத்தலைவரானார். முதல் தலைவராயிருந்த ஜி.வி. மாவலங்கர் 1956 பிப்ரவரியில் மறைந்ததும், மார்ச் 8-இல் அவரிடத்தில் அமர்ந்தார். 1957-இல் சித்தூர்த் தொகுதியிலிருந்து வென்று மீண்டும் தலைவரானார். அவ்வாண்டு டிசம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்திராவின் நிறுவனங்களில் முடக்கப்பட்டது பற்றிப் பெரோஸ் காந்தி எழுப்பிய வினா அவையை உலுக்கியபோது, தலைமை இருக்கையில் இருந்தவர் அவரே. ஆளுங்கட்சியைச் சார்ந்த உறுப்பினர் ஒருவரே ஆளுங்கட்சியின் நிதியமைச்சரைக் கேள்விக்குள்ளாக்கிய நிகழ்ச்சி அது. விசாரணையின் முடிவில், 1958-இல், நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். மக்களாட்சியில் அவையே பெரிது என்பதை நாடு உணர்ந்த நாள்களுள் அவையும் அடங்கும்.

இங்கு ஒரு செய்தி நினைவிற் கொள்ளத்தக்கது. அதே காலத்தில் மாநிலங்களவையின் தலைவராக, குடியரசுத் துணைத்தலைவர் என்னும் முறையில் வீற்றிருந்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் 1888-இல் பிறந்த திருத்தணி அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தைச் சார்ந்தது. இளமையில் அவர் கல்வி கற்ற இடங்களுள் திருப்பதியும் ஒன்று. ஆகவே 1956 முதல் 1962 வரை பாரத நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் தலைமை தாங்கியோர், வேங்கடத்தைச் சூழ்ந்த ஒரே நிலத்தில் பிறந்தவர்கள். அவர்களுள் ஒருவர் ஊர் 1960-இல் தமிழ்நாட்டின்பால் வந்தது. மற்றவர் ஊர் ஆந்திரத்தில் நின்றது. எல்லை எங்கே என்று அவ்விரு ஊர் மக்களும் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவ்விரு பெரியோரும் எல்லைகளைக் கடந்த ஒரு மன்றத்தை முறைசெய்து கொண்டிருந்தனர்.

ஒரு தொகுதி, இரண்டு உறுப்பினர்

சித்தூர்த் தொகுதி தொடக்கத்தில் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. 1952-இல் டி.என். விசுவநாத ரெட்டியும் எம்.வி. கங்காதர சிவாவும் அங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்றனர். 1957-இல் அய்யங்காரும் கங்காதர சிவாவும் சென்றனர். இன்றைய இளைஞர் இம்முறையை அறியார். ஆதலின் சிறிது விளக்குவது தகும். தாழ்த்தப்பட்ட மக்கட்கென இடம் ஒதுக்கவேண்டிய தொகுதிகளில், ஒரே பரப்புக்கு ஓர் இடம் பொதுவாகவும் ஓர் இடம் ஒதுக்கீடாகவும் அமையும். ஒவ்வொரு வாக்காளர்க்கும் இரண்டு வாக்குகள் உண்டு. இரண்டையும் ஒருவர்க்கே அளித்தல் கூடாது. ஒதுக்கீட்டு இடத்திற்குரியவர் மிகுதியான வாக்குப்பெற்றால் பொது இடத்தையும் வெல்ல இயலும்.

1957-இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் அதுவே நடந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி தோற்றார், பழங்குடியினர் இருவரே இரண்டு இடங்களையும் வென்றனர். கிரி தொடுத்த வழக்கில் அம்முடிவு செல்லும் என்று உச்சநீதிமன்றம் 1959-இல் தீர்ப்பளித்தது. இரட்டைத் தொகுதிகள் அளவிறந்து பரந்திருந்தமையும் வேட்பாளர்க்குப் பெருஞ்சுமையாயிருந்தது. 1961-இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் சட்டத்தின்வழி ஒழிக்கப்பட்டன. 1962 முதல் சித்தூர் பொதுத் தொகுதியாகவும், திருப்பதி தாழ்த்தப்பட்டோர்க்குரிய தனித்தொகுதியாகவும் அமைந்தன. ஆலய நுழைவுக்கே ஒரு தலைமுறைக்கு முன்பு போராட வேண்டியிருந்த மக்களிலிருந்து, நாடெங்கும் புகழ்பெற்ற திருத்தலத்தின் பெயர் தாங்கிய தொகுதிக்கு உறுப்பினர் செல்வது என்பது எளிய மாற்றமன்று. 1962-இலும் 1967-இலும் சி. தாஸ், 1971-இலும் 1977-இலும் டி. பாலகிருஷ்ணய்யா, 1980-இல் பி. பெஞ்சலய்யா எனக் காங்கிரசார் அங்கு தொடர்ந்து வென்றனர்.

ரங்காவும் விண்மீனும்

1962 பொதுத் தேர்தலில் சித்தூரில் வென்ற அய்யங்கார், உடனே பீகார் ஆளுநராக அமர்த்தப்பெற்றார். அதனால் நேர்ந்த இடைத்தேர்தலே இத்தொகுதி நாட்டின் கவனத்தை ஈர்த்த முதல் தேர்தல் எனலாம். உழவர் தலைவர் என்.ஜி. ரங்கா தெனாலியில் தோற்றிருந்தார். அவர் சுதந்திராக் கட்சியின் தலைவர். கூட்டுப்பண்ணை முறையை வற்புறுத்திய காங்கிரசின் நாகபுரித் தீர்மானத்தை எதிர்த்து, 1959-இல் இராஜாஜியும் ரங்காவும் பிறரும் கூடி எழுப்பிய கட்சி அது. தமிழ்நாட்டு மூதறிஞர் ஒருவரும் தெலுங்கு நாட்டு உழவர் தலைவர் ஒருவரும் கைகோத்த அக்கட்சியின் விண்மீன் சின்னத்தில் நின்ற ரங்காவைச் சித்தூர் தேர்ந்தெடுத்தது. மக்களவைத் தலைவரையே உறுப்பினராகப் பெற்றிருந்த தொகுதி, அவர் விலகியதும் எதிர்க்கட்சித் தலைவர் ஒருவரை அனுப்பி வைத்தது. நிலத்தை நம்பி வாழ்வோர், தம் நிலத்தைப் பற்றிய அச்சம் எழுந்தால் பழைய பற்றுகளையும் மீறுவர் என்பதற்கு இது சான்று.

1967-இல் தொகுதி காங்கிரசிற்கு மீண்டது. என்.பி. செங்கல்ராய நாயுடு அவ்வாண்டும், பி. நரசிம்ம ரெட்டி 1971-இலும் வென்றனர். அடுத்துவந்த 1977 தேர்தலில் வட இந்தியா முழுதும் காங்கிரசு வீழ்ந்தது. ஆந்திரப் பிரதேசத்திலோ 42 இடங்களுள் 41 இடங்களை அக்கட்சியே பெற்றது. சித்தூரும் திருப்பதியும் அவற்றுள் அடங்கும். சித்தூரில் பி. இராஜகோபால் நாயுடு 1977-இலும் 1980-இலும் வென்றார்.

என்.டி. இராமராவ் 1982-இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். 1983-இல் அவர் போட்டியிட்டு வென்ற சட்டமன்றத் தொகுதிகளுள் திருப்பதியும் ஒன்று. வெண்டிரையில் வேங்கடவனாகத் தோன்றி மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றவரை அத்திருத்தலத்து மக்கள் வாக்களித்து ஏற்றனர். இந்திரா காந்தியின் மறைவையடுத்து 1984-இல் நாடெங்கும் காங்கிரசு அலை வீசியபோது, ஆந்திரம் அதற்கு மாறாக நின்றது. தெலுங்கு தேசம் 30 இடங்களைப் பெற்றது. சித்தூரில் என்.பி. ஜான்சி லட்சுமியும் திருப்பதியில் சிந்தா மோகனும் அக்கட்சியின் சார்பில் வென்றனர். இரு தொகுதிகளின் எழுபதாண்டுப் பட்டியலில் காணப்பெறும் ஒரே பெண்பெயர் ஜான்சி லட்சுமியினுடையது என்பதை ஈண்டு வருத்தத்தோடு குறிக்க வேண்டியுள்ளது.

மருத்துவரான சிந்தா மோகன் பின்னர்க் காங்கிரசிற்கு மாறி 1989, 1991, 1998, 2004, 2009 ஆகிய ஆண்டுகளிலும் வென்று, ஆறுமுறை திருப்பதியின் உறுப்பினரானார். இடையே 1996-இல் காங்கிரசின் நெலவல சுப்பிரமணியமும், 1999-இல் பாரதிய ஜனதாவின் என். வெங்கடசாமியும் வென்றனர். சித்தூரில் காங்கிரசின் எம். ஞானேந்திர ரெட்டி 1989, 1991 தேர்தல்களிலும், தெலுங்கு தேசத்தின் என். இராமகிருஷ்ண ரெட்டி 1996, 1998, 1999 தேர்தல்களிலும், டி.கே. ஆதிகேசவுலு நாயுடு 2004-இலும் வென்றனர்.

இக்காலத்தின் சிறந்த நிகழ்ச்சி வாக்குப்பெட்டிக்கு வெளியே நிகழ்ந்தது. 1983-இல் என்.டி. இராமராவும் எம்.ஜி. இராமச்சந்திரனும் முதலமைச்சராயிருந்தபோது, கிருஷ்ணை நீரைச் சென்னைக்குக் கொணரும் தெலுங்கு கங்கைத் திட்டத்திற்கு ஒப்பந்தம் கண்டனர். கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து பூண்டிக்குச் செல்லும் கால்வாய், திருப்பதித் தொகுதியின் ஊர்களைத் தழுவிச் சென்று ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டை அடைகின்றது. 1996-இல் அந்நீர் பூண்டியை எட்டியது. நிலத்தைப் பிரித்தபோது மனம் கசந்த இரு மாநிலங்களை நீர் இணைத்தது.

கோடுகள் மீண்டும் வரையப்பெற்றன

2001 மக்கட்தொகைக் கணக்கினை அடிப்படையாகக் கொண்டு 2008-இல் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பெற்றன. அதன்படி சித்தூரும் தனித்தொகுதியாயிற்று. சந்திரகிரி, நகரி, கங்காதர நெல்லூர், சித்தூர், பூதலப்பட்டு, பலமனேர், குப்பம் ஆகிய ஏழும் சித்தூர்த் தொகுதியின் சட்டமன்றப் பிரிவுகள். திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி, சத்தியவேடு, சூளூர்ப்பேட்டை, கூடூர், வெங்கடகிரி, சர்வேபள்ளி ஆகிய ஏழும் திருப்பதித் தொகுதியின் பிரிவுகள். விண்கலங்கள் புறப்படும் ஸ்ரீஹரிகோட்டாவும் இத்தொகுதிக்குட்பட்டதே. திருப்பதிக்கு அணித்தேயுள்ள திருச்சானூர் சந்திரகிரிப் பிரிவில் அமைந்தமையால் சித்தூர்த் தொகுதியைச் சார்ந்தது. திருப்பதியின் முதல் உறுப்பினர் பிறந்த ஊர் அவர் பெயரோடு இணைந்த தொகுதியில் இல்லை என்பது மறுவரையறையின் ஒரு விளையாட்டு.

சித்தூரில் 2009-இலும் 2014-இலும் தெலுங்கு தேசத்தின் என். சிவபிரசாத் வென்றார். மருத்துவரும் நடிகருமான அவர், மாநிலத்திற்குச் சிறப்புத் தகுதி வேண்டி நாடாளுமன்ற வளாகத்தில் நாளொரு வேடம் புனைந்து நின்றதை நாடே கண்டது. 2019-இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் என். ரெட்டப்பாவும், 2024-இல் தெலுங்கு தேசத்தின் டி. பிரசாத ராவும் வென்றனர். திருப்பதியில் 2014-இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் வி. வரப்பிரசாத ராவ் வென்றார். அவர் தமிழ்நாட்டில் இந்திய ஆட்சிப் பணியாற்றி வந்தவர். 2019-இல் அக்கட்சியின் பல்லி துர்கா பிரசாத ராவ் வென்று, மறு ஆண்டு கொரோனா நோய்க்கு இரையானார். 2021 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் எம். குருமூர்த்தி 2,71,592 வாக்குகள் மிகுதியாகப் பெற்றார். அவரே 2024-இல், பாரதிய ஜனதாவின் வேட்பாளராக எதிர்த்து நின்ற வரப்பிரசாத ராவை 14,569 வாக்குகளில்தான் வென்றார். மூன்றாண்டுகளில் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட இடைவெளி சுருங்கியதை நோக்குங்கால், எந்தத் தொகுதியும் எந்தக் கட்சிக்கும் எழுதிக்கொடுத்த சொத்தன்று என்பது விளங்கும்.

எல்லைத் தமிழரின் வாக்கு

இத்தனை தேர்தல்களிலும் எல்லைத் தமிழரின் நிலை யாது? சத்தியவேட்டிலிருந்து நகரி, சித்தூர் வழியே குப்பம் வரை தமிழ்நாட்டின் எல்லையைத் தொட்டுச் செல்லும் நிலப்பகுதி, இரு நாடாளுமன்றத் தொகுதிகளில் பகிர்ந்து கிடக்கின்றது. மக்களவைத் தேர்தலில் அவர்தம் வாக்கு பெருங்கடலில் ஒரு துறையாகவே அமைகின்றது. சட்டமன்றத் தேர்தலிலோ அத்துறைக்கு மதிப்பு மிகுதி. விசைத்தறிகள் மிக்க நகரித் தொகுதியில் 2014-இல் நடிகை ரோஜா 858 வாக்குகளில் வென்றார். இத்துணைச் சிறு வேறுபாட்டில் முடிவு அமையும் இடத்தில், ஒரு தெருவின் வாக்கும் வேட்பாளர்க்கு இன்றியமையாதது. ஆகவேதான் அங்கு வாக்குக் கேட்க வருவோர் நெசவாளர் தெருவில் தமிழில் பேசுகின்றனர். சட்டம் கொடுக்கத் தயங்கும் மொழி மதிப்பை வாக்கு வாங்கித் தருகின்றது.

ஆயினும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தெருவில் ஒலிக்கும் தமிழ், பள்ளியில் ஒலிக்காவிடின் யாது பயன்? நம் அரசமைப்பில் 1956-இல் ஏழாம் திருத்தத்தின்வழி இரண்டு பிரிவுகள் சேர்க்கப்பெற்றன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்பது ஒன்று. அவ்வுரிமைகள் பேணப்படுகின்றனவா என ஆராய ஒரு சிறப்பு அலுவலர் வேண்டும் என்பது மற்றொன்று. ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ ஒரு பள்ளியில் நாற்பது பிள்ளைகளோ ஒரு தாய்மொழியினராயிருப்பின், அம்மொழியில் கற்பிக்க ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்பது மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட நெறி. ஒரு தொகுதி மக்களுள் நூற்றுக்கு இருபதின்மர் ஒரு சிறுபான்மை மொழியினராயின், வாக்காளர் பட்டியலை அம்மொழியிலும் அச்சிட வேண்டும் என்னும் நெறியும் உண்டு.

நாற்பது பிள்ளைகள்! எல்லைப் போராட்டத்தின் பெருமுழக்கங்கள் அனைத்தும் அடங்கிய பின்னர், எஞ்சிநிற்கும் எண் இதுவே. நாற்பதின்மர் பெயர் பதிவேட்டில் இருக்கும்வரை ஆசிரியர் இருப்பார். வேலைவாய்ப்பின் பொருட்டுப் பெற்றோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கோ தெலுங்குப் பள்ளிக்கோ மாற்ற, அவ்வெண் முப்பத்தொன்பதாயின் உரிமை தளர்கின்றது. அப்பெற்றோரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. நம் இல்லங்களிலும் அதே கணக்கே நடைபெறுகின்றது. மொழிச் சிறுபான்மையர் உரிமை என்பது வழங்கப்படும் பொருளன்று. எண்ணிக்கை காட்டி ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய ஒன்று.

நமக்குரிய பாடம்

வாக்காளர் பதிவுச் சட்டம் ஒரு நெறியைத் தெளிவாகக் கூறுகின்றது. ஒருவர் தாம் வழக்கமாக வாழும் தொகுதியில் மட்டுமே பதிவு பெறலாம். சொந்த ஊரில் வீடு இருப்பதொன்றே அங்கு வாக்களிக்கப் போதிய தகுதி ஆகாது. ஆண்டுக்கொருமுறை ஊர்த் திருவிழாவிற்குச் செல்லும் நம்முள் பலர், அங்கும் பதிவின்றி, இங்கும் பதிவின்றி, வாக்காளர் பட்டியலில் இடமேயில்லாதவராய் வாழ்கின்றனர். எல்லைத் தமிழர் இதில் நமக்கு வழிகாட்டிகள். தம்மைக் கேளாமல் வரையப்பெற்ற கோட்டின் அப்புறத்தே நின்றபோதும், அவர்கள் வாக்குச்சாவடியைப் புறக்கணித்து ஒதுங்கவில்லை. புதிய மாநிலத்தின் பட்டியலில் பெயர் பதிந்தனர். புதிய கட்சிகளைத் தேர்ந்தனர். வெற்றி தோல்விகளில் பங்கு கொண்டனர். தெலுங்கு அண்டை வீட்டாரோடு ஒரே வரிசையில் நின்று வாக்களித்து, வீடு திரும்பித் தமிழில் பேசினர்.

1911, 1953, 1960, 2008 என நான்கு முறை அந்நிலத்தின்மேல் கோடுகள் வரையப்பெற்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நகரியும் விஜயபுரமும் சித்தூர் மாவட்டத்தில் நின்றன. நாளைய மறுவரையறையில் இன்னும் சில கோடுகள் மாறக்கூடும். கோடு வரைவோர் தில்லியிலும் தலைநகரங்களிலும் இருப்பர். அக்கோட்டின் இருபுறத்தும் தமிழ் நிலைத்திருப்பதும் மறைவதும் அவர்கள் கையில் இல்லை. விஜயபுரத்துப் பள்ளிப் பதிவேட்டில் எத்தனை பெயர், நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எத்தனை பெயர் என்பதே கேள்வி. வாக்காளர் பட்டியலில் நம் பெயரும், வகுப்புப் பதிவேட்டில் நம் பிள்ளைகள் பெயரும் இடம்பெறச் செய்வோமாக.